நாலு மணிக்கே இருட்டிடும்... குடும்பத்தோட வியன்னா கிளம்பறீங்களா?

டிசம்பர் 24, மாலை ஆறு மணி. வியன்னாவின் ஒரு தெருமுனையில் நாங்கள் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், கணவர், 13 வயது மகன், 8 வயது மகள், 72 வயது மாமியார். கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு கடை திறந்திருக்கவில்லை. தலைக்கு மேலே சரவிளக்குகள் மட்டும் ஜொலிக்கின்றன. "கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஊரே திருவிழா மாதிரி இருக்கும்னு சொன்னீங்களேம்மா?" என்று மகள் கேட்டாள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து முறுக்கு டப்பாவை எடுத்தார். அன்று ராத்திரிச் சாப்பாடு அந்த முறுக்கும், ரயில் நிலையத்தில் கணவர் தேடிப் பிடித்து வாங்கிவந்த ரொட்டியும்தான்.

தப்பு ஊர் மேல் இல்லை, எங்கள் மேல்தான். ஆஸ்திரியாவில் 24-ம் தேதி மாலை என்பது நமக்குத் தீபாவளி விடியற்காலை மாதிரி. எல்லோரும் வீட்டுக்குள் குடும்பத்தோடு இருக்கிற நேரம். கடைகள் மதியம் இரண்டு மணிக்குள் மூடிவிடும், கிறிஸ்துமஸ் சந்தைகளும் அன்று சீக்கிரமே கட்டிவிடும். 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை. விமான டிக்கெட் எது மலிவு என்று பார்த்து தேதியைக் குறித்தோமே தவிர, அந்தத் தேதியில் ஊர் என்ன செய்துகொண்டிருக்கும் என்று பார்க்கவில்லை. வெயில் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்தாலும் தப்பித்துவிடலாம். ராத்திரி ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும், பூங்காவில் உட்காரலாம். குளிர்காலத்தில் குழந்தையையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு அப்படித் தெருவில் நிற்க முடியாது.

முதலில் தேதி, அப்புறம் டிக்கெட்

நம் ஊர்ப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கிடைப்பது இரண்டே இடைவெளிதான். அரையாண்டுத் தேர்வு விடுமுறை, இல்லையென்றால் பொங்கலை ஒட்டிய நாட்கள். இரண்டும் வியன்னாவில் இரண்டு வேறு ஊர்கள்.

கிறிஸ்துமஸ் சந்தைதான் ஆசை என்றால், பெரிய சந்தையான நகர மண்டபத்துச் சந்தை, அதாவது ராட்ஹவுஸ் வாசலில் நடப்பது, நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 26-ல் முடிந்துவிடும். அரையாண்டு லீவு விட்டதும் கிளம்புகிறவர்களுக்குக் கடைசி இரண்டு, மூன்று நாள்தான் மிஞ்சும். ஷோன்புருன் அரண்மனை வாசலில் நடக்கும் சந்தை அண்மை ஆண்டுகளில் புத்தாண்டைத் தாண்டி ஜனவரி முதல் வாரம் வரை நீள்கிறது. எனவே 26-க்குப் பிறகு போகிறவர்கள் இதை நம்பலாம். பின்னால் அரண்மனை, முன்னால் சந்தை. என் கணக்கில் இரண்டில் இதுதான் அழகும்கூட. கூட்ட நெரிசலும் கொஞ்சம் குறைவு.

புத்தாண்டு இரவு வேறு மாதிரி. ஸ்டெஃபான்ஸ்டோம் தேவாலயத்தின் 'பும்மெரின்' என்ற பெரிய மணி நள்ளிரவில் ஒலிக்கும், அதைத் தொடர்ந்து 'நீல டான்யூப்' வால்ட்ஸ் இசை. அந்நியர்கள்கூடத் தெருவில் கைகோத்து ஆடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய நகரம் முழுக்க நெரிசல், பட்டாசு வேறு. சின்னக் குழந்தையும் பாட்டியும் இருந்தால் தங்கும் வீட்டு ஜன்னலிலிருந்து மணி ஓசையைக் கேட்பதே நல்லது. ஜனவரி 1 காலை நடக்கும் புகழ்பெற்ற வியன்னா ஃபில்ஹார்மோனிக் கச்சேரிக்கு டிக்கெட் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும், அதற்கும் ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே பதிந்திருக்க வேண்டும். விட்டுவிடுங்கள்.

பொங்கல் சமயத்தில் போனால் சந்தை இல்லை, சர விளக்குகளும் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆனால் அருங்காட்சியகத்தில் வரிசை கிடையாது, தங்கும் இடம் வாடகை இறங்கியிருக்கும், கடைகளில் தள்ளுபடி விற்பனை. ராட்ஹவுஸ் வாசலில் பிரமாண்டமான ஐஸ் சறுக்குத் திடல் அமைப்பார்கள். அது ஜனவரி மூன்றாவது, நாலாவது வாரத்தில்தான் திறக்கும் என்பதால் பொங்கல் பயணிகளுக்கு மயிரிழையில் தப்பிவிடும். கவலை வேண்டாம், 1867-ல் தொடங்கிய வியன்னா சறுக்குக் கழகத்தின் திறந்தவெளித் திடல் நகரின் நடுவிலேயே, கொன்ஸெர்ட்ஹவுஸ் அரங்கத்தை ஒட்டி இருக்கிறது. குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும். காலணியும் வாடகைக்குத் தருகிறார்கள்.

எந்தத் தேதியாக இருந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடைகள் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டும் சேர்த்துத்தான். தலைமை ரயில் நிலையமான ஹவுப்ட்பான்ஹோஃப், ப்ராட்டர்ஸ்டெர்ன் மாதிரி சில பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள்.

விசா: தீபாவளிக்கு முன்னாடியே முடிங்க

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். ஆனால் சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு விதியில் இடம் இருக்கிறது. டிசம்பர் பயணத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விசா மையத்தில் நேரம் வாங்கிவிடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். இதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். சொல்லாத நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் பணம் வராது.

குழந்தையுடன் அம்மா அல்லது அப்பா ஒருவர் மட்டும் போவதாக இருந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் தேவை. பாஸ்போர்ட் திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 வருடத்தில் காலாவதி ஆகும் என்பதைப் பல வீடுகளில் விசா எடுக்கும்போதுதான் கவனிக்கிறார்கள். இன்றைக்கே பீரோவைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

வீடு எத்தனையாவது மாடி?

நாங்கள் ஓட்டல் எடுக்காமல் சமையலறை உள்ள ஒரு அபார்ட்மென்ட் எடுத்தோம். நல்ல முடிவு. ஆனால் விளம்பரத்தில் 'முதல் மாடி' என்று போட்டிருந்ததை நம்பினோம். வியன்னாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேலே 'ஹோஹ்பார்ட்டெர்' என்று ஒன்று, அதற்கு மேலே 'மெட்சானின்' என்று இன்னொன்று, அதற்கும் அப்புறம்தான் 'முதல் மாடி' தொடங்கும். நம் கணக்குப்படி அது மூன்றாவது மாடி. எங்கள் கட்டடத்தில் லிஃப்டும் இல்லை. அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். "திருநீர்மலை ஏறினதா நினைச்சுக்கிறேன் விடு" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து ஒரு தடவை கீழே இறங்கினால் சாயங்காலம்தான் மேலே என்று ஆகிவிட்டது. மத்தியான ஓய்வு போச்சு. லிஃப்ட் இருக்கிறதா, அது எந்தத் தளத்திலிருந்து கிளம்புகிறது, வாசலில் எத்தனை படி என்று பணம் கட்டும் முன்னே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழைய நகரத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்று அவசியம் இல்லை. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தால் போதும். விமான நிலையத்திலிருந்து எஸ்-7 உள்ளூர் ரயில் சுமார் 25 நிமிடத்தில் வீன் மிட்டே நிலையத்துக்கு வந்துவிடும். 16 நிமிடத்தில் வரும் தனி எக்ஸ்பிரஸுக்கு அதைவிட நிறைய கட்டணம். ஒன்பது நிமிடத்துக்கு அவ்வளவு கொடுப்பானேன்? நகரத்துக்குள் நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஒரே டிக்கெட்டில் ரயில், டிராம், பஸ் எல்லாம் ஏறலாம். 6 வயதுக்குக் கீழே எப்போதும் இலவசம். ஞாயிறு, அரசு விடுமுறை, வியன்னா பள்ளி விடுமுறை நாட்களில் 15 வயது நிறையாத பிள்ளைகளுக்கும் இலவசம். அவர்களுடைய கிறிஸ்துமஸ் விடுமுறையும் நம் அரையாண்டு லீவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருவதால் நமக்கு லாபம். வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். நிலையத்தில் தடுப்புக் கதவு எதுவும் இருக்காது. ஆனால் காகித டிக்கெட்டை முதல் தடவை இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறிவிட்டால் அபராதம்.

எட்டு மணி நேரப் பகல்

டிசம்பர் கடைசியில் வியன்னாவில் சூரியன் உதிப்பது காலை ஏழே முக்காலுக்கு, மறைவது மாலை நான்குக்கு. வெளிச்சம் எட்டு மணி நேரம்தான். மேகமூட்டம் என்றால் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். வலைத்தளங்களில் கிடைக்கும் 'மூன்றே நாளில் வியன்னா' பட்டியல்களில் ஒரு நாளைக்கு ஏழு இடம் போட்டிருக்கும். அதெல்லாம் ஜூன் மாதத்துக் கணக்கு. நமக்கு ஒரு நாளைக்கு வெளியே ஓரிடம், உள்ளே ஓரிடம், நடுவில் சூடாக ஏதாவது. இந்தச் சூத்திரத்துக்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை நின்றது.

நேர வித்தியாசமும் இங்கே உதவிக்கு வருகிறது. குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் குழந்தைகள் விடிகாலை மூன்று, நாலு மணிக்கே எழுந்து உட்காருவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குத் தூங்கி விழுவார்கள். திட்டாதீர்கள். காலை எட்டரைக்கே கிளம்பிவிட்டால் எந்த இடத்திலும் முதல் ஆள் நாம்தான்.

ஷோன்புருன் அரண்மனைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கோடைகால மாளிகை. மொத்தம் 1,441 அறைகள், நாம் பார்க்கக்கூடியது 40 வாக்கில். ஆறு வயது மொஸார்ட் 1762-ல் பேரரசி மரியா தெரேசா முன்னால் வாசித்தது இங்கேதான். வருடம் 365 நாளும் திறந்திருக்கும் என்பதால் மற்ற பல இடங்கள் மூடியிருக்கும் டிசம்பர் 25-க்கு இதை வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் அருங்காட்சியகம் தனியாக உண்டு. இளவரசி கவுனும் பொய்முடியும் போட்டுக்கொண்டு விருந்து மேஜை போடலாம். மகள் அங்கிருந்து வர மறுத்தாள்.

அரண்மனைத் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற உயிரியல் பூங்கா 1752-ல் தொடங்கியது. உலகில் இன்றும் இயங்கும் பூங்காக்களில் இதுதான் பழமையானது. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கு மூடிவிடுவார்கள், அதனால் பூங்கா முதலில், அரண்மனை பிறகு. பூங்காவுக்குள் 'மழைக்காட்டு வீடு' என்று ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் புழுக்கம், ஈர மண் வாசனை. மூக்குக் கண்ணாடி அப்படியே மங்கிப்போகும். அத்தை அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. "இப்பத்தான் மூச்சு வருது" என்றார்.

அருங்காட்சியகங்களில் ஒரு நல்ல விஷயம், கூட்டாட்சி அரசின் அருங்காட்சியகங்களில் 19 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இலவசம். பிள்ளைகள் அரை மணியில் சலித்துப்போனாலும் காசு போச்சே என்று இழுத்துப் பிடிக்க வேண்டாம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டைனோசர்கள், விண்கற்கள், கூடவே 1908-ல் கண்டெடுத்த 'வில்லெண்டார்ஃப் வீனஸ்' என்ற பழங்காலச் சிறு சிலை. உள்ளங்கையில் அடங்கும் உயரம்தான், வயது சுமார் 30,000 ஆண்டுகள். இதற்குச் செவ்வாய் விடுமுறை. எதிரிலேயே இரட்டைப் பிறவி மாதிரி நிற்கும் ஓவிய அருங்காட்சியகத்துக்கு வழக்கமாகத் திங்கள் விடுமுறை. பண்டிகை வாரங்களில் இது மாறும், முந்தைய நாள் இணையத்தில் சரிபாருங்கள். மகனுக்குப் பிடித்தது தொழில்நுட்ப அருங்காட்சியகம். நிஜ ரயில் இன்ஜின்களும், கையால் இயக்கிப் பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன.

ஸ்டெஃபான்ஸ்டோம் தேவாலயத்தின் தெற்குக் கோபுரம் 136 மீட்டர். 343 படி ஏறினால் காவலர் அறை வரை போகலாம். அப்பாவும் மகனும் போகட்டும். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, பும்மெரின் மணியும் அங்கேதான். பாட்டியும் பேத்தியும் அதில் ஏறலாம்.

கால் ஓய்ந்த நேரத்தில் டிராம். பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் 1857-ல் பழைய கோட்டை மதிலை இடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் உருவான வட்டச் சாலைதான் ரிங்ஸ்ட்ராஸே. நாடாளுமன்றம், ஓபரா, ராட்ஹவுஸ் எல்லாம் அதன் ஓரமாகவே வரிசை கட்டி நிற்கும். இருட்டிய பிறகு டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் ஊரே விளக்கில் தெரியும். இதற்கென்று தனிச் சுற்றுலா பஸ் எடுக்க வேண்டியதில்லை.

'சி' என்ற எழுத்தைப் பாருங்க

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வியன்னா நினைத்த அளவு கஷ்டம் இல்லை, ஆனால் ஏமாற்றக்கூடியது. காய்கறி சூப் என்று இருக்கும், அடித்தளம் மாட்டெலும்புச் சாறு. உருளைக்கிழங்கு குலாஷ் என்று இருக்கும், உள்ளே சாசேஜ் துண்டு கிடக்கும். 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல். அதோடு நிறுத்தாமல் சூப்பில் இறைச்சிச் சாறு உண்டா என்றும் கேளுங்கள்.

முட்டையும் சேர்க்காத வீடு என்றால் உணவகத்து மெனுவில் ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு உணவின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஆங்கில எழுத்துகள் போட்டிருப்பார்கள். ஒவ்வாமைக் குறியீடு அது. 'ஏ' என்றால் கோதுமை வகை, 'சி' என்றால் முட்டை, 'டி' மீன், 'ஜி' பால். மெனுவில் 'சி' இல்லாத வரியாகப் பார்த்து விரலை வைத்தால் போதும், அத்தைக்கு ஒருவாறு நிம்மதி. 1832-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் ஸாஹர் டார்ட்டே சாக்லேட் கேக்கிலும், பிய்த்துப்போட்ட அப்பம் மாதிரி இருக்கும் கைஸர்ஷ்மார்னிலும் முட்டை உண்டு. சந்தையில் விற்கும் 'லாங்கோஷ்' நம்ம பட்டூராவின் ஹங்கேரிய உறவினர், மேலே பூண்டு தடவித் தருவார்கள். சுட்ட செஸ்ட்நட் கொட்டைக்குக் கவலையே இல்லை, நம்ம ஊர்ச் சுட்ட பனங்கிழங்கு மாதிரி மாவுச் சுவை. குழந்தைகளுக்குப் பானம் கேட்கும்போது 'கிண்டர்புன்ஷ்' என்று சொல்லுங்கள். வெறும் 'புன்ஷ்' என்றால் அதில் மது இருக்கும். கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும்.

காபி ஹவுஸுக்கு ஒரு தடவையாவது போகணும். பேர்போன ஒன்றின் வாசலில் குளிரில் முக்கால் மணி வரிசையில் நிற்பதைவிட, தெருவுக்குத் தெரு இருக்கும் பேர் தெரியாத ஒன்றில் நுழைந்துவிடலாம். 'மெலாஞ்ச்' என்றால் பால் நுரையோடு வரும் காபி. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் தட்டில் வரும். ஒரே காபியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்காதீர்கள். ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரை 1873 முதல் குழாய் வழியாகக் கொண்டுவருகிறார்கள். வீட்டுக் குழாயில் வருவதே அதுதான்.

பெட்டியில் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, பனீர் கூடாது. வெளியிலிருந்து பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். அரிசியும் தயிரும் அங்கே எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஒரு சின்ன குக்கரை அத்தை பிடிவாதமாக எடுத்துவந்தார். நான் முணுமுணுத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சூடாகத் தயிர் சாதம் கிடைத்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

உடை, மருந்து

பெரிய கோட்டு ஒன்று வாங்கினால் குளிர் தாங்கிவிடும் என்பது நாம் செய்யும் தவறு. வெளியே 0 டிகிரி, உள்ளே 22 டிகிரி. ஒரு நாளில் பத்துத் தடவை போட்டுக் கழற்ற வேண்டும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றும் மழையும் தாங்கும் கோட்டு. புடவைதான் கட்டுவேன் என்கிற பெரியவர்கள் உள்ளே தெர்மல் பேன்ட் போட்டுக்கொண்டு புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டலாம். தழையத் தழைய இருந்தால் ஈரத்தில் புரளும். செலவு செய்ய வேண்டியது ஷூவுக்கு. தண்ணீர் புகாத, வழுக்காத அடிப்பாகம், கெட்டி சாக்ஸுக்கு இடம் விட்டு அரை அளவு பெரிது. கருங்கல் பாவிய தெருக்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஐஸ் படிந்திருக்கும்.

ஹீட்டர் காற்றில் உதடு வெடிக்கும், குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம்கூட வரலாம். படுக்கும் முன் மூக்கு ஓரத்தில் வாசலின் தடவிவிடுங்கள். காய்ச்சல் மாத்திரை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, 'அபோதேகெ' என்ற மருந்துக் கடையில் மட்டும்தான். வழக்கமான மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 144, பொது அவசர எண் 112.

ஸ்னோ வரலைன்னா?

குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வியன்னாவில் டிசம்பரில் பனி பொழிந்தே தீரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலும் சாம்பல் வானமும் சிணுங்கல் மழையும்தான். எங்கள் மகள் ஐந்து நாளும் காலையில் எழுந்ததும் ஜன்னலுக்கு ஓடினாள், ஒரு நாளும் பெய்யவில்லை.

அதனால் ஒரு நாளை யாருக்கும் சொல்லாமல் ஒதுக்கி வையுங்கள். ஹவுப்ட்பான்ஹோஃப் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் செம்மெரிங் மலைக்கு ரயிலில் போய்விடலாம். சறுக்கு வண்டி வாடகைக்குக் கிடைக்கும், இயற்கைப் பனி குறைந்தாலும் சரிவுகளில் இயந்திரம் வைத்துப் பனி தூவுவார்கள். அந்த ரயில் பாதையே ஒரு காட்சி. 1854-ல் திறந்த 41 கி.மீ. மலைப்பாதை அது, பள்ளத்தாக்குகளுக்கு மேலே இரண்டடுக்குக் கல் பாலங்கள். யுனெஸ்கோ 1998-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்ம ஊட்டி ரயிலுக்கு அந்தப் பெருமை 2005-ல் கிடைத்தது. மலைக்குக் கீழே இப்போது 27 கி.மீ. நீளச் சுரங்கப் பாதை கட்டிவருகிறார்கள். அது திறந்தால் விரைவு ரயில்கள் மலை ஏறாமல் அடியிலேயே போய்விடும். பழைய பாதையில் விரைவு ரயிலிலேயே போக நினைப்பவர்கள் அதற்குள் போய்விடுங்கள்.

பாட்டிக்கு அங்கே நிலையத்தை விட்டு ரொம்ப தூரம் நடக்க வேண்டாம், சூடான ஒரு இடம் பார்த்து உட்காரவைத்துவிடுங்கள். திரும்பும் ரயிலை மூன்று மணிக்கு முன்னால் பிடித்துவிட்டால் போகும்போது பார்த்த பாலங்களை வெளிச்சத்திலேயே இன்னொரு தடவை பார்க்கலாம்.